விடுபட்ட அளவுகள்

இரவு பதினொன்றுக்கு வரும் மின்சாரம்
மூன்றுக்குப் போய்விடும்.
நடுவில் நாலு மணிநேரம் நான்
முனைவர் பட்டத்துக்குத் தகுதியானவள்.

படிவத்தில் ஏழாவது பெட்டி:
"நீங்கள் கடந்துவந்த இடர்ப்பாடுகளை
முந்நூறு சொற்களுக்குள் விவரிக்கவும்."
கடந்துவந்த என்று
அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

பினாங்கிலிருந்து அண்ணன் பேசினான்.
"அப்பாவ எழுது. ஆக்சிஜன் வரிசைய எழுது.
படிக்கிறவன் அழுதா சீட்டு நிச்சயம்."
கெட்டவன் இல்லை அவன்.
மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவன்,
எது என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்தவன்.

முதல் வரைவில் அப்பா
இரண்டாவது வாக்கியத்திலேயே செத்துப்போனார்.
வாசித்துப் பார்த்தேன்.
யாரோ ஒருத்தியின் அப்பா.
அழித்தேன்.

அடுத்ததில் பெயர்.
பட்டச் சான்றிதழில் மா கின் தன்டா.
வீட்டிலும் கோயில் ரசீதிலும் செண்பகவல்லி.
இருவரும் ஒருத்தியே என்று கையெழுத்திட
நோட்டரி நாற்பதாயிரம் கியாட் வாங்கினார்.
அது இடரா, செலவா?
அழித்தேன்.

பிறகு பேராசிரியை நோ மூ போ.
என் அளவுகளுக்கு அவர் ஒருவர்தான் சாட்சி.
வேலையை விட்டுவிட்டு இப்போது மேசோட்டில்
லபெட் பொட்டலம் கட்டுகிறார்.
பல்கலைக்கழகத்தின் முகவரித் தாளில்தான்
பரிந்துரை வேண்டுமாம்.
அவர் அனுப்பியிருப்பது கோடு போட்ட நோட்டுத்தாள்,
ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு.
நான் எழுதும் ஒரு வரி
யார் கண்ணில் போய்ப் படுமோ.
அழித்தேன்.

மணி ஒன்றரை.
மீதமுள்ள சொற்கள்: 300.

அளவு நோட்டைத் திறந்தேன்.
தன்ல்வின் ஆறு, மோல்மேன் படகுத்துறை, நைட்ரேட்.
வாரத்துக்கு ஒரு எண், என் கிறுக்கலில்.
இருபத்தொன்று ஜூலைக்குப் பிறகு
பதினான்கு மாதம்
வெறும் கட்டங்கள்.

முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நானே சொன்னதுதான்:
அளக்காத நாளில் பூஜ்யம் போடாதீர்கள்.
பூஜ்யம் என்றால் பார்த்தேன், இல்லை.
வெற்றிடம் என்றால் பார்க்கவில்லை.
இரண்டையும் குழப்பினால்
பொய் சொன்ன பழி ஆற்றின் மேல் விழும்.
முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கூட்டி
நடுவில் இட்டு நிரப்பவும் வேண்டாம்.
காரணத்தை எழுதிவிட்டு நகருங்கள்.

காரணம்.

அப்பா ஐஸ் கம்பெனி லாரி ஓட்டினார்.
மீன் துறைக்குப் பாளம் பாளமாய் இறக்கிவிட்டுத்
திரும்பும்போது மிச்ச ஐஸில்
என் புட்டிகளைப் புதைத்து எடுத்துவருவார்.
மாதிரி சூடாகிவிடக் கூடாது என்பது
நாலாம் வகுப்போடு நிறுத்திய அவருக்கு
என் மேற்பார்வைக் குழுவைவிட நன்றாகத் தெரியும்.
பிரேக் போட்டால் உருளாமலிருக்க
பழைய லுங்கியைக் கிழித்து
ஒவ்வொன்றுக்கும் சுற்றியிருப்பார்.
"ஆத்துத் தண்ணிக்கு ஆத்தோரத்துலயே
இவ்ளோ மரியாத பண்ற குடும்பம் நம்மதான்."

தட்டினேன்.
"2021 ஜூலை முதல் பதினான்கு மாதங்கள்
மாதிரிகளைக் குளிர்நிலையில் எடுத்துவர வழியில்லை.
அம்மாதங்களின் அளவுகள் விடுபட்டுள்ளன.
அவற்றை நான் நிரப்பவில்லை."

திரும்ப வாசித்தபோது
இதில் இருந்தார்.
கியர் மாற்றும் சத்தத்தோடு இருந்தார்.

மீதமுள்ள சொற்கள்: 285.

அண்ணனுக்கு அனுப்பினேன்.
"இதுல கஷ்டமே இல்லயே" என்றான்.
கொஞ்சம் கழித்து, "லுங்கி, அந்தப் பச்சைக் கட்டம் போட்டதா?"
ஆமாம் என்றேன்.
லுங்கியைப் பற்றி நான் எழுதவே இல்லை.

மூன்றுக்கு ஐந்து நிமிடம்.
சமர்ப்பி என்பதை அழுத்தினேன்.
வட்டம் சுற்றிக்கொண்டிருந்தபோதே
தெரு முழுக்க விளக்கு போனது.

போனதா இல்லையா
நாளை பதினொன்றுக்குத்தான் தெரியும்.